சேவைக் கழகமும் அதன் உபகுழுக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பிலுள்ள சேவைக் கழகமொன்றில் செயலாளராகவும் சில உபகுழுக்களின் பொறுப்பாளராகவும் இருந்த காலத்தில், புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்கும் ஐயங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை என்பதைக் கவனித்தேன். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே தந்திருக்கிறேன். ரோட்டரி, லயன்ஸ் ஆகியவற்றின் விதிகள் வருமிடத்தில் அவற்றின் பெயரைச் சொல்லியிருக்கிறேன். ஏனையவை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருபது முப்பது பேர் கூடி நடத்தும் எந்தச் சங்கத்துக்கும் பொருந்தும்.

"ரோட்டரி, லயன்ஸ், பழைய மாணவர் சங்கம் எல்லாம் ஒன்றுதானே? பெயர்தானே வேறு?"

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அப்படித்தான் தெரியும். எல்லாவற்றிலும் தலைவர், செயலாளர், பொருளாளர் இருக்கிறார்கள். எல்லாமே ஒருமுறையாவது இரத்ததான முகாம் நடத்தியிருக்கும். யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதில்தான் அவை பிரிகின்றன. பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புக் கிளை தன் பாடசாலைக்கும் தன் உறுப்பினருக்கும் பதில் சொன்னால் போதும். 1905இல் சிக்காகோவில் தொடங்கிய ரோட்டரியும், 1917இல் அதே நகரில் தொடங்கிய லயன்ஸும் உலகம் முழுவதற்குமான விதிகளைக் கொண்டவை. 1929இல் அமைந்த கொழும்பு ரோட்டரிக் கழகம் உட்பட இலங்கையின் ரோட்டரிக் கழகங்கள், மாலைதீவையும் சேர்த்த 3220ஆம் மாவட்டத்துக்குள் வருகின்றன (இது அரசின் மாவட்டமல்ல, ரோட்டரியின் சொந்த நிர்வாகப் பிரிவு). லயன்ஸ் கழகங்கள், அவ்வாறான பல மாவட்டங்கள் சேர்ந்த 306ஆம் பன்மாவட்டத்துக்குள் வருகின்றன.

இதன் நடைமுறை விளைவு ஒன்றுண்டு. அனைத்துலக அமைப்பில் இணைந்த கழகத்துக்கு யாப்பு, அதாவது கழகத்தின் விதித்தொகுப்பு, ஏறக்குறைய தயாராகவே கிடைத்துவிடும். உள்ளூர்ச் சங்கம் தன் யாப்பைத் தானே எழுத வேண்டியிருப்பதால், கீழே வரும் பல கேள்விகளுக்கு அந்த யாப்பில் பதிலே இருப்பதில்லை.

"கழகத்தை நடத்துவது தலைவர்தானே? பிறகு நிர்வாகக் குழு எதற்கு, உபகுழு எதற்கு?"

உறுப்பினர் அனைவரும் கூடும் பொதுக்கூட்டம் நிர்வாகக் குழுவைத் தெரிவு செய்கிறது. என்ன செய்வது, எவ்வளவு செலவழிப்பது என்பதை நிர்வாகக் குழு தீர்மானிக்கிறது. தீர்மானித்ததைச் செய்து முடிப்பது உபகுழு. தலைவர் எல்லா உபகுழுக்களிலும் பதவி வழியாக அங்கம் வகிக்கலாம். ஆனால் தனியாளாகக் கழகத்தைக் கடன்படுத்தவோ, ஒப்பந்தத்தில் மாட்டவோ அவருக்கு அதிகாரமில்லை. உபகுழுவுக்கும் சொந்த அதிகாரம் கிடையாது. நிர்வாகக் குழு எழுத்தில் கொடுத்த அளவுக்கே அது இயங்க முடியும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் சிக்கல்களில் பாதி எழாது.

ரோட்டரி தன் கழகங்களுக்கு ஐந்து குழுக்களைப் பரிந்துரைக்கிறது: கழக நிர்வாகம், உறுப்புரிமை, பொதுமக்கள் மத்தியில் கழகத்தை அறிமுகப்படுத்தல், சேவைத் திட்டங்கள், ரோட்டரி அறக்கட்டளை. சிறிய கழகத்துக்கு இதுவே அதிகம். இருபத்தைந்து உறுப்பினர் உள்ள கழகம் பன்னிரண்டு உபகுழுக்களை அமைத்தால், அதே ஐந்து பேர் எல்லாவற்றிலும் இருப்பார்கள். பதவியேற்பு விழா மலரில் பெயர்ப் பட்டியல் மட்டும் நீளமாக அச்சாகும்.

"காலை ஏழு மணிக்கு வெளிக்கிட்டால் இரவுதான் வீட்டுக்கு வருவேன். என்னால் குழுவில் இருக்க முடியுமா?"

முடியும், எந்த வேலையை ஏற்கிறீர்கள் என்பதில் கவனமாக இருந்தால். வார நாள் மாலையில் காலி வீதி நெரிசலைக் கடந்து கூட்டத்துக்கு வர முடியாதவர், கணக்கேட்டைப் பார்ப்பது, நன்கொடையாளருக்குக் கடிதம் எழுதுவது, தொண்டர் பட்டியலைப் புதுப்பிப்பது போன்ற வேலைகளை வீட்டிலிருந்தே செய்யலாம். ரோட்டரியும்கூட வாரந்தோறும் கூட வேண்டும் என்ற பழைய விதியை 2016இல் தளர்த்தி, மாதத்துக்குக் குறைந்தது இருமுறை ஏதோவொரு வகையில் கூடினால் போதும் என்றாக்கியது. நீங்கள் சொல்ல வேண்டியது "முயற்சி செய்கிறேன்" என்பதல்ல; எந்த வேலையை எந்தத் தேதிக்குள் முடித்துத் தருவீர்கள் என்பதே. முடியாது என்று, கழக ஆண்டு தொடங்கும் ஜூலையில் சொல்பவரால் கழகத்துக்கு நட்டமில்லை. நவம்பரில் சொல்பவரால்தான் நட்டம்.

"ஒரு குழுவை என் தலையில் கட்டிவிட்டார்கள். முதல் கூட்டத்தில் என்ன செய்வது?"

முதல் கூட்டத்துக்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் குழு என்ன சாதிக்க வேண்டும், எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, எப்போது அறிக்கை தர வேண்டும் என்ற மூன்றையும் நிர்வாகக் குழுவிடமிருந்து எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அரைப் பக்கம் போதும். அந்த அரைப் பக்கத்தை வாசிப்பதிலிருந்தே முதல் கூட்டத்தைத் தொடங்குங்கள். நிகழ்ச்சி நிரலை இரண்டு மூன்று நாள் முன்னதாக அனுப்பி, ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டால், இரண்டாவது கூட்டத்துக்கும் ஆட்கள் வருவார்கள்.

"வாட்ஸ்அப்பில் போட்டோம், எல்லாரும் கட்டைவிரலைக் காட்டினார்கள். அது தீர்மானம்தானே?"

கட்டைவிரல் "சம்மதம்" என்றும் பொருள்படும், "பார்த்துவிட்டேன்" என்றும் பொருள்படும்; பிரச்சினை வரும் நாளில் எல்லாரும் இரண்டாவது பொருளையே எடுத்துக்கொள்வார்கள். கூட்டம் கூடாமல் முடிவெடுக்கும் வழியை யாப்பிலேயே எழுதிவைப்பது நல்லது. தீர்மானத்தின் வாசகம் முழுமையாக அனுப்பப்பட வேண்டும். பதிலளிக்க நேர எல்லை இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் சம்மதம் அல்லது சம்மதமில்லை என்று எழுத வேண்டும். சம்மதித்தவர் தொகை கூட்ட நடப்பெண்ணுக்கு, அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்தொகைக்கு, குறையக் கூடாது. அடுத்த கூட்டத்தில் அது உறுதிப்படுத்தப்பட்டுக் கூட்டறிக்கையில் ஏற வேண்டும். ரோட்டரியின் மாதிரி உபவிதிகளில் நிர்வாகக் குழுவின் கூட்ட நடப்பெண் பெரும்பான்மையினர், அதாவது பாதிக்கு மேற்பட்டோர். உள்ளூர்ச் சங்கங்களுக்கும் இதுவே வசதியான அளவு.

"கூட்டறிக்கையில் எல்லாவற்றையும் எழுத வேண்டுமா? சண்டை பிடித்ததையுமா?"

தேவையில்லை. எடுத்த முடிவு, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், செய்ய வேண்டியவர், தேதி, தொகை ஆகியவை போதும். எனினும், தான் உடன்படவில்லை என்பதைப் பதியுமாறு உறுப்பினர் ஒருவர் கேட்டால், அதைப் பதியாமல் விடச் செயலாளருக்கு உரிமையில்லை. மொழியைப் பற்றியும் கேட்பார்கள். கொழும்பில் தமிழில் விவாதித்து, சிங்களத்தில் பகிடி விட்டு, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் குழுக்கள் நிறைய உண்டு. குழுவிலுள்ள எல்லாராலும் வாசிக்க முடிகிற மொழி எதுவோ அதில் எழுதுங்கள், இரண்டு மொழி தேவையென்றால் முடிவுகளையாவது இரண்டிலும் எழுதுங்கள்.

"சந்தாக் காசும் சனத்திடம் சேர்த்த காசும் ஒரே கணக்கில் கிடந்தால் என்ன? எல்லாம் கழகத்தின் காசுதானே?"

இதுதான் நான் அதிகமாகக் கேட்ட கேள்வி. மிக நேர்மையான மனிதர்களும் கேட்கும் கேள்வி. சந்தா, உறுப்பினர் தமக்காகத் தாமே கட்டுவது. மண்டப வாடகை, கூட்டத்தில் பரிமாறும் சிற்றுண்டி, மாவட்டத்துக்கும் தலைமையகத்துக்கும் அனுப்பும் கட்டணம், பதவியேற்பு விழாவின் மாலை எல்லாம் அதிலிருந்தே போக வேண்டும். பொதுமக்கள் தந்த பணமோ பொதுமக்களுக்குத் திரும்பிப் போக வேண்டியது. கழகம் அதன் காவலாளி மட்டுமே. லயன்ஸ் விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன: நிர்வாக நிதி வேறு, சேவை நிதி வேறு. பொதுமக்களிடம் திரட்டிய நிதியிலிருந்து, அந்த நிதியைத் திரட்ட நேரடியாகச் செலவானதைக் கழிக்கலாமே தவிர, கழகத்தின் நிர்வாகச் செலவுக்கு அதைத் தொடக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு. பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபம் எடுத்து இசை நிகழ்ச்சி நடத்துகிறீர்கள். மண்டப வாடகை, ஒலிபெருக்கி, கலைஞர்களின் ஊதியம், நுழைவுச்சீட்டு அச்சிட்ட செலவு ஆகியவற்றை வசூலிலிருந்து கழிப்பது நியாயம். நிகழ்ச்சி சிறப்பாக முடிந்த மகிழ்ச்சியில் குழுவினர் போய்ச் சாப்பிட்ட இரவு உணவை அதில் சேர்ப்பது நியாயமல்ல. அதை அவரவர் பையிலிருந்து கொடுக்க வேண்டும். இதைவிட ஆபத்தானது தற்காலிகக் கைமாற்று. சந்தா வரத் தாமதமாகிறது, கூட்டம் நடந்த விடுதிக்கு உடனே பணம் கட்ட வேண்டியிருக்கிறது, சேவைக் கணக்கில் பணம் சும்மா கிடக்கிறது, அடுத்த மாதம் திருப்பிப் போட்டுவிடலாம் என்று யாரோ சொல்கிறார். அடுத்த மாதம் வேறு செலவு வரும். ஆண்டிறுதிக் கணக்காய்வில் பொருளாளர் திண்டாடுவது இந்தக் கைமாற்றினால்தான்.

இன்னொரு வகைப் பணமும் உண்டு. சக்கர நாற்காலி வாங்கவென்று ஒருவர் தந்த தொகையில் மிச்சம் வந்தால், அதைப் பொதுச் சேவை நிதியில் சேர்க்கக் கொடுத்தவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. வங்கியில் இரண்டு கணக்குத் திறப்பது சிரமமென்றால், குறைந்தபட்சம் பேரேட்டிலாவது இரண்டையும் பிரித்து வையுங்கள்.

"உபகுழுத் தலைவர் எவ்வளவு வரை கேட்காமல் செலவழிக்கலாம்? லொறிக்காரர் பற்றுச்சீட்டுத் தரமாட்டாரே?"

வரம்பை நிர்வாகக் குழு ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் தீர்மானிக்க வேண்டும். யாப்பில் ரூபாய்த் தொகையை எழுதாதீர்கள். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 2022 செப்டெம்பரில் முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்து நின்றபோது, யாப்பில் பழைய தொகையை எழுதிவைத்திருந்த எந்தச் சங்கத்துக்கும் அந்த வரம்பு ஒரு லொறி வாடகைக்கே போதாததாகியிருக்கும். யாப்பைத் திருத்தவோ விசேட பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும். வரம்புக்கு மேற்பட்ட கொள்வனவுக்கு மூன்று கடைகளில் விலை கேட்டு, மிகக் குறைந்த விலையைத் தெரிவு செய்யாவிட்டால் காரணத்தை எழுதுங்கள்.

லொறிக்காரர், மூட்டை தூக்கியவர், மண்டபத்தைக் கூட்டியவர் ஆகியோர் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் வருவதில்லை. கழகத்தின் பெயர் அச்சிட்ட வவுச்சர் புத்தகமொன்றைக் கையில் வைத்திருங்கள். தேதி, வேலை, தொகை, பெற்றவரின் பெயர், தொலைபேசி எண், கையொப்பம், அங்கிருந்த உறுப்பினர் இருவரின் கையொப்பம் ஆகியவை இருந்தால் கணக்காய்வாளர் பொதுவாக ஏற்றுக்கொள்வார். இரண்டு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதிய வவுச்சரை அவர் அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்.

"பதிவு செய்யாமலே சேவை செய்யக் கூடாதா?"

பத்துப் பேர் சேர்ந்து அயலவருக்கு உதவுவதை யாரும் தடுக்கப் போவதில்லை. கழகத்தின் பெயரில் பணம் சேர்ப்பது, வங்கிக் கணக்கு வைப்பது, வெளிநாட்டிலுள்ள உறவினரிடமிருந்து உதவி பெறுவது என்று வரும்போது பதிவு தேவைப்படும். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வச் சமூக சேவை நிறுவனங்கள் (பதிவும் மேற்பார்வையும்) சட்டத்தின் கீழ்ப் பதிவது ஒரு வழி. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ், உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக (உறுப்பினரின் பொறுப்பு அவர்கள் உத்தரவாதம் அளித்த தொகையோடு நிற்கும் கம்பனி) அமைவது இன்னொரு வழி. பெரிய நிதியைக் கையாளும் அமைப்புகள் இதை விரும்புகின்றன. பிரதேச மட்டத்தில் இயங்கும் சங்கங்கள் முதலில் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்துக்குத் திம்பிரிகஸ்யாயப் பிரதேச செயலகம், கொட்டாஞ்சேனைப் பக்கத்துக்குக் கொழும்புப் பிரதேச செயலகம்.

எந்த வழியானாலும் வங்கி யாப்பின் பிரதியையும், பதவியினரைத் தெரிவு செய்த கூட்டறிக்கையையும் கேட்கும். உபகுழுக்கள் தனிக் கணக்குத் திறக்கக் கூடாது. உறுப்பினர் ஒருவரின் சொந்தக் கணக்கு எண்ணைத் துண்டுப்பிரசுரத்தில் அச்சிட்டுப் பணம் சேர்ப்பது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கூடாது.

"இரத்ததான முகாமுக்கு ஒரு மண்டபமும் கொஞ்சம் ஆட்களும் இருந்தால் போதாதா? அதற்கும் ஒரு குழுவா?"

இரத்தம் எடுப்பது கழகத்தின் வேலையல்ல. அது தேசிய இரத்தமாற்று சேவையின் நடமாடும் குழுவினரின் வேலை. கழகத்தின் வேலை இடம், ஆள், நேரம். நாரஹேன்பிட்டியிலுள்ள தேசிய இரத்த நிலையத்துடன் பேசித் தேதியை முன்கூட்டியே ஒதுக்குவதிலிருந்து அது தொடங்குகிறது. போயா தினங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் பலர் போட்டியிடுவதால், மண்டபத்தை முதலில் பதிந்துவிட்டுத் தேதியைக் கேட்கப் போகாதீர்கள். பொதுவாக 18 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்ட, 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள, ஆரோக்கியமானவர்கள் இரத்தம் கொடுக்கலாம். ஒருமுறை கொடுத்தவர் மீண்டும் கொடுக்க நான்கு மாதம் பொறுக்க வேண்டும். ஆகவே பக்கத்துத் தேவாலயத்திலோ கோயிலிலோ இரண்டு மாதத்துக்கு முன் முகாம் நடந்திருந்தால், உங்கள் பட்டியலில் பாதிப் பேர் வந்தும் பயனில்லை. இதை விசாரிப்பது குழுவில் ஒருவரின் தனிப் பொறுப்பாக இருக்கட்டும்.

எத்தனை பேர் கொடுத்தார்கள் என்பதைப் பதாகையில் போட்டுப் பெருமைப்படும் பழக்கம் இங்கே வலுவானது. ஆனால் செங்குருதிக் கலங்களைச் சில வாரங்களே, அதிகபட்சம் 42 நாள்வரை, வைத்திருக்கலாம். குருதிச் சிறுதட்டுகளை ஏறக்குறைய ஐந்து நாள்தான். வெசாக்கையொட்டி எல்லாரும் ஒரே வாரத்தில் கொடுத்துவிட்டு, டிசம்பர் விடுமுறையில் யாருமே கொடுக்காவிட்டால் இரத்த வங்கிக்குச் சிரமம். நான்கு மாத இடைவெளியை வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு மூன்று சிறு முகாம்களை மற்றவர்கள் நடத்தாத மாதங்களில் வைப்பதே, ஒரு பெரிய முகாமைவிடப் பயனுள்ளது என்பது என் கருத்து. எந்த மாதத்தில் தட்டுப்பாடு என்று இரத்த நிலையத்திடமே கேட்டுவிடலாம்.

"மலையகப் பாடசாலைகளுக்குக் கொப்பி, புத்தகம், சீருடை கொடுக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?"

அரசு ஏற்கெனவே என்ன கொடுக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். பாடநூல்கள் 1980இலிருந்தும் சீருடைத் துணி 1993இலிருந்தும் மாணவருக்கு இலவசமாக வழங்கப்படுகின்றன. ஆகவே கொப்பி, சப்பாத்து, புத்தகப்பை, கணித உபகரணப் பெட்டி போன்றவற்றில்தான் பெற்றோரின் சுமை இருக்கிறது. அதிபரிடம் வகுப்புவாரியாகத் தொகையும் சப்பாத்து அளவும் கேட்டு வாங்குங்கள். அளவு தெரியாமல் சப்பாத்து வாங்கிய குழுவினர் அவற்றைத் திருப்பி ஏற்றி வர வேண்டியதுதான். வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி பற்றியும் அதிபரே சொல்வார். புறக்கோட்டை மொத்தக் கடைகளில் டிசம்பர் நெரிசலுக்கு முன் விலை பேசி முடிக்க வேண்டுமானால், ஜூலையில் பதவியேற்கும் குழு ஒக்டோபருக்குள் நிர்வாகக் குழுவின் ஒப்புதலைப் பெற்றிருக்க வேண்டும்.

"வெள்ளம் வந்து நிற்கும்போதும் கூட்டம் கூட்டி, முன்மொழிந்து, வழிமொழிந்துகொண்டா இருப்பது?"

வேண்டாம், அதற்காகவே அனர்த்த அதிகாரத்தை வெயில் காலத்தில் எழுதிவைக்கிறோம். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் இருவர் சேர்ந்து குறிப்பிட்ட தொகைவரை உடனே விடுவிக்கலாம், ஏழு நாளுக்குள் நிர்வாகக் குழுவுக்கு அறிக்கை தர வேண்டும் என்பது போன்ற ஒரு வாசகம் போதும். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பகுதி மூழ்கியது. அத்தகைய நாட்களில் களனி கங்கையின் நாகலகம் வீதி அளவுமானியில் நீர்மட்டம் எவ்வளவு என்று நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் செய்தியைக் குழுவில் ஒருவர் தொடர்ந்து பார்க்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.

அடுத்தது, எதைக் கொடுப்பது. முதல் நாளில் எல்லாச் சங்கங்களும் சோற்றுப் பார்சலுடன், லொறி போகக்கூடிய பெருவீதியோர முகாமுக்கே வந்து நிற்கும். ஒழுங்கைகளின் உள்ளே மாடியில் அடைபட்டவர்களுக்கு எதுவும் போயிருக்காது. கிராம சேவகரிடம் கேட்காமல் சமைக்கத் தொடங்காதீர்கள். நீர் வடிந்த பின்னர் தேவைப்படும் குடிநீர், மாதவிடாய்த் துவாய்கள், கிருமிநாசினி, தும்புத்தடி, பிள்ளைகளின் கொப்பிகள் ஆகியவற்றுக்கு ஒரு பகுதி நிதியை ஒதுக்கிவைக்கும் குழுவே என் பார்வையில் நன்றாகச் சிந்தித்த குழு.

"குழு உறுப்பினர் ஒருவரின் சொந்த அச்சகத்தில் மலிவாக அடித்துத் தருகிறேன் என்கிறார். வேண்டாம் என்பதா?"

மலிவாக இருந்தால் வாங்கலாம், மூன்று நிபந்தனைகளுடன்: அவர் தன் தொடர்பை வாய்விட்டுச் சொல்லிக் கூட்டறிக்கையில் பதிய வேண்டும், விலையைத் தீர்மானிக்கும்போது அறையிலிருந்து எழுந்து போக வேண்டும், முன்னர் சொன்ன மூன்று விலைகளில் அவருடையதும் ஒன்றாக இருக்க வேண்டும். புலமைப்பரிசில் பெறுவோரைத் தெரிவு செய்யும் குழுவிலும் இதே நடைமுறைதான். கொழும்புத் தமிழரிடையே யாராவது ஒருவர் யாருக்காவது சொந்தமாகவோ ஊராகவோ இருப்பார் என்பதால், தொடர்பே இல்லாதவரைத் தேடுவது வீண்வேலை. தொடர்பை மறைத்ததுதான் குற்றமாகக் கருதப்பட வேண்டும்.

"நன்கொடை தந்தவர், பிள்ளைகளுடன் நிற்கிற படம் வேண்டும் என்கிறார். எப்படி மறுப்பது?"

நன்கொடையை வாங்கும் முன்பே கழகத்தின் கொள்கையைச் சொல்லிவிட்டால் மறுக்க வேண்டிய நிலை வராது. பொருட்களின் படம், வேலை நடக்கும் படம், நன்கொடையாளரின் பெயருடன் பதாகை ஆகியவற்றைத் தரலாம். உதவி வாங்கும் பிள்ளையின் முகம் தெரியும் படத்துக்குப் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. பொதி கொடுக்கும் வரிசையில் நிற்கும் தாயிடம் அந்த நேரத்தில் வாங்கும் சம்மதத்தை நான் சம்மதமாகக் கருதுவதில்லை. பயனாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், வருமான விவரம் அடங்கிய பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதும் தவறு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியுள்ள நாட்டில், அந்தப் பட்டியலை வைத்திருப்பவர் யார் என்பதையாவது குழு அறிந்திருக்க வேண்டும்.

"பெயருக்குக் குழுவில் இருக்கிறார், ஒரு வேலையும் செய்வதில்லை. வயதில் மூத்தவர் வேறு. என்ன செய்வது?"

சம்பளம் வாங்காதவரைப் பணிநீக்கம் செய்ய முடியாது, வேலையை மாற்றலாம். குழுத் தலைவர் அவரைத் தனியாகச் சந்தித்து, "ஐயா, இந்தப் பொறுப்பு உங்களுக்குச் சுமையாக இருக்கிறதோ?" என்று கேட்பதுதான் முதற்படி. பலமுறை உண்மையான காரணம் அப்போதுதான் வெளிவரும்: கணினியில் படிவம் நிரப்பத் தெரியவில்லை, மனைவிக்கு உடல்நலமில்லை, இரவில் வாகனம் ஓட்டக் கண் தெரியவில்லை. நன்கொடையாளரின் வாசலில் போய் நிற்கும்போது இந்த மூத்தவரின் முகம் இளைஞர் மூவரின் உழைப்புக்குச் சமமாகலாம். அந்த வேலையை அவருக்குக் கொடுங்கள். பொதுக்கூட்டத்தில் பெயர் சொல்லிக் குறைகூறுவதால் யாரும் வேலை செய்யத் தொடங்கியதை நான் கண்டதில்லை.

"ஜூன் 30 வந்தால் குழு கலைந்துவிடும். பாதியில் நிற்கும் வேலைக்கு யார் பொறுப்பு?"

ரோட்டரி, லயன்ஸ் இரண்டிலும் ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. 2015-16இல் ரோட்டரியின் உலகத் தலைவராக இருந்த கொழும்பு ரோட்டரிக் கழகத்தைச் சேர்ந்த கே.ஆர். ரவீந்திரனுக்கும் அந்த ஓர் ஆண்டுதான். அப்படியிருந்தும் 1985இல் ரோட்டரி தொடங்கிய போலியோ ஒழிப்புப் பணி ஆண்டுதோறும் தலைவர் மாறியபடியே தொடர்ந்தது. இலங்கையில் கடைசியாகப் போலியோ நோயாளி பதிவானது 1993இல். தலைவர்கள் மாறினாலும் குழுவில் ஒரு பகுதியினர் நீடித்தால்தான் இவ்வாறான நீண்ட பணி சாத்தியம். ரோட்டரி தன் கழகங்களுக்கும், முடிந்தவரை ஒருவரை ஒரே குழுவில் மூன்றாண்டு வைத்திருக்கும்படியே ஆலோசனை கூறுகிறது. மூன்றில் ஒரு பங்கினர் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் மாறினால், பழைய கதை தெரிந்தவர் எப்போதும் இருப்பார்.

கையளிப்பு என்பது மாலை மாற்றிக்கொள்வதோடு முடிவதல்ல. நடப்பு வேலைகளின் பட்டியல், கொடுத்த வாக்குறுதிகள், மீதிப் பணம், விற்பனையாளர்களின் தொலைபேசி எண்கள், மின்னஞ்சல் கடவுச்சொற்கள் ஆகியவை எழுத்தில் கைமாற வேண்டும். வங்கிக் கையொப்பக்காரரை மாற்றுவதற்கான தீர்மானத்தைப் பதவியேற்புக்கு முன்னரே நிறைவேற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஜூலை முழுவதும் பழைய பொருளாளரின் வீட்டுக்குக் காசோலையுடன் அலைய வேண்டும்.

"தலைவர் தன் சொந்தக் காசைப் போட்டுச் செய்கிறார். அவரைப் போய்க் கேள்வி கேட்க முடியுமா?"

எல்லாரும் தாழ்ந்த குரலில் கேட்பது இது. அவர் தனிமனிதராக, தன் பெயரில் உதவி செய்தால் யாரும் கேட்க முடியாது. கழகத்தின் பெயரில், கழகத்தின் பதாகையின் கீழ்ச் செய்தால், பணம் எங்கிருந்து வந்தாலும் அது கழகத்தின் செயற்றிட்டம். நாளை அவர் வெட்டிக்கொடுத்த கிணற்று நீரில் கோளாறு என்றாலோ, ஒரு பாடசாலைக்கு அவர் வாக்களித்த இரண்டாம் கட்டம் நடக்கவில்லை என்றாலோ, கடிதம் வருவது கழகத்துக்குத்தான்.

ஆகவே அவருடைய பணமும் நன்கொடையாகக் கழகக் கணக்குக்குள் வர வேண்டும். அவருக்கும் பற்றுச்சீட்டு எழுத வேண்டும். சேவைத் திட்ட உபகுழு அதை மற்றத் திட்டங்களைப் போலவே பரிசீலித்து, நிர்வாகக் குழுவின் ஒப்புதலுடன் செலவழிக்க வேண்டும். அச்சக உறுப்பினருக்குச் சொன்னது இங்கும் பொருந்துவதால், அந்தத் தீர்மானத்தின்போது உபதலைவர் தலைமை வகிப்பது முறை. தலைவரிடம் இதை யார் சொல்வது என்று தயங்குவார்கள். பொருளாளர் சொல்லலாம், பற்றுச்சீட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, எந்தப் பெயரில் எழுதட்டும்?" என்று கேட்பதன் மூலம்.